பினாங்கில் ஓர் இரவு: தங்கும் விடுதியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

"ஆண்டு மலருக்குப் பயனுள்ளதாக ஏதாவது எழுதித் தாருங்கள் அண்ணா" என்று ஆசிரியர் குழுவைச் சேர்ந்த தங்கை ஒருவர் கேட்டார். இலக்கியம் எழுதப் பலர் இருக்கிறார்கள். எனவே, கடந்த சில ஆண்டுகளில் நான் பட்டுத் தெரிந்துகொண்ட ஒரு சாதாரண விஷயத்தைப் பற்றி எழுதுகிறேன். ஒரே ஓர் இரவு தங்க வேண்டிய ஊரில், கையைக் கடிக்காத விலையில், நடுத்தரமான ஒரு தங்கும் விடுதியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

இதற்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று நீங்கள் நினைக்கலாம். இன்று மாணவராக இருக்கும் உங்களுக்கு நாளை நேர்முகத் தேர்வு வரும், தொழிற்பயிற்சி வரும், பட்டமளிப்பு விழா வரும். குடும்பத்தில் திருமணம், துக்கம் என்று வெளியூர் போகும்போது "நீதான் படிச்ச பிள்ளை, ஹோட்டலை நீயே பார்த்துப் போட்டுடு" என்று அந்தப் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும். என் தலையிலும் அப்படித்தான் விழுந்தது.

முதலில் என் தவறு

சில ஆண்டுகளுக்கு முன், உறவினர் திருமணம் ஒன்றுக்காக அப்பா அம்மாவைப் பினாங்குக்கு அழைத்துச் சென்றேன். ஜோர்ஜ் டவுனில் பழைய கடைவீடு ஒன்றைப் புதுப்பித்து விடுதியாக்கியிருந்தார்கள். படங்களில் அவ்வளவு அழகு! விலையும் குறைவு. வேறு எதையும் பார்க்காமல் முன்பதிவு செய்துவிட்டேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தது காலை பத்து மணி. அறை மூன்று மணிக்குத்தான் கிடைக்கும் என்றார்கள். இரவுப் பேருந்தில் வந்த அம்மா ஐந்து மணி நேரம் வரவேற்பறை மரப்பலகையில் உட்கார்ந்திருந்தார். அறை இரண்டாவது மாடியில். மின்தூக்கி கிடையாது. செங்குத்தான மரப்படி. முழங்கால் வலியுள்ள அப்பா ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறினார். அறையில் சன்னலும் இல்லை. இரவு ஒரு மணி வரை பக்கத்துக் கடையிலிருந்து பாட்டுச் சத்தம். எல்லாவற்றுக்கும் மேலாக, திருமணம் நடந்தது கடலுக்கு அந்தப் பக்கம், பட்டர்வொர்த்தில்! முகூர்த்தமோ காலை ஏழரைக்கு.

அப்பா என்னைத் திட்டவில்லை. "படம் நல்லாத்தான்ப்பா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வாக்கியம் இன்றும் எனக்கு மறக்கவில்லை.

அந்த விடுதியை நான் குறை சொல்ல மாட்டேன். முதுகுப்பை மாட்டிவரும் இருபது வயது இளைஞருக்கு அது அருமையான இடம். யாருக்காக, எதற்காகத் தங்குகிறோம் என்று யோசிக்காமல் பதிவு செய்தது என் தவறு.

அத்தை வருகிறார்

சென்ற ஆண்டு அந்தத் தவறைத் திருத்திக்கொள்ள ஒரு வாய்ப்பு வந்தது. மன்னார்குடியிலிருந்து என் அத்தை, அப்பாவின் அக்கா, கோலாலம்பூரில் நடக்கவிருந்த ஒரு திருமணத்துக்கு வருவதாகச் சொன்னார். அவருக்கு வயது 73. பிறந்து வளர்ந்தது பத்து காவான் தோட்டத்தில்.

1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதி பெற வேண்டியதாயிற்று. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த ஆயிரக்கணக்கான தமிழர்கள் அந்த ஆண்டுகளில் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். என் தாத்தாவும் அவர்களில் ஒருவர். 1970-இல் அத்தை பெற்றோரோடு பினாங்கிலிருந்து 'ரஜுலா' கப்பலில் ஏறினார். படித்துக்கொண்டிருந்த அப்பா மட்டும் பெரியப்பா வீட்டில் தங்கிவிட்டார். அக்காவும் தம்பியும் பிறகு தமிழ்நாட்டில் சந்தித்திருக்கிறார்கள். ஆனால் அத்தை இந்த மண்ணை மீண்டும் மிதிக்கவே இல்லை.

சென்னையிலிருந்து பினாங்குக்கு 2024 டிசம்பரில் நேரடி விமானச் சேவை தொடங்கியது. "பினாங்கு வழியாவே வரேன், பத்து காவானை ஒரு தடவை பார்த்துடறேன்" என்றார் அத்தை. காலையில் பாயான் லெப்பாசில் இறங்கி, ஓர் இரவு தங்கி, மறுநாள் பட்டர்வொர்த்தில் இ.டி.எஸ். ரயில் ஏறிக் கோலாலம்பூர் போவது என்று முடிவாயிற்று. இருப்பதோ ஒரு பகலும் ஓர் இரவும். ஐம்பத்தைந்து ஆண்டு காத்திருந்த பகல் அது. இந்த முறை நான் படங்களைப் பார்க்கவில்லை.

வரைபடத்தில் நான்கு புள்ளிகள்

முதல் வேலையாக, போக வேண்டிய இடங்களை வரைபடத்தில் குறித்தேன். விமான நிலையம் தீவின் தென்கிழக்கில் இருக்கிறது. பத்து காவான் பெருநிலத்தில், செபராங் பிறையின் தெற்குப் பகுதியில் இருக்கிறது. ஜோர்ஜ் டவுன் தீவின் வடகிழக்கு முனை. பட்டர்வொர்த் ரயில் நிலையம் ஜோர்ஜ் டவுனுக்கு நேர் எதிரே, மீண்டும் பெருநிலத்தில்.

இவற்றை இரண்டு பாலங்களும் ஒரு பெரியும் இணைக்கின்றன. 1985-இல் திறக்கப்பட்ட முதல் பாலம் 13.5 கிலோமீட்டர் நீளம், பிறையையும் குளுகோரையும் இணைக்கிறது. 2014 மார்ச் மாதம் திறக்கப்பட்ட இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர், பத்து காவானிலிருந்து பத்து மாவுங்குக்குப் போகிறது. பத்து மாவுங் விமான நிலையத்துக்கு அருகில் இருப்பதால், விமானத்தில் வருபவருக்கு ஜோர்ஜ் டவுனைப் போலவே பத்து காவானும் எளிதில் போய்ச் சேரக்கூடிய இடமாகிவிட்டது. பெரி இப்போது கார்களை ஏற்றுவதில்லை. 2023 முதல் ஓடும் புதிய பெரிகளில் ஆட்களும் இருசக்கர வண்டிகளும் மட்டுமே போகலாம். பெரியை விட்டு இறங்கினால் ரயில் நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம்.

"அக்கா பிறந்த இடத்துல ஒரு ராத்திரியாவது படுத்து எழட்டும். பத்து காவான் பக்கமே ரூம் எடு" என்றார் அப்பா. அதுவும் நியாயம்தான். ஆனால் பத்து காவான் இப்போது தோட்டம் இல்லை. 2000-இல் சுக்மா விளையாட்டுப் போட்டிக்குக் கட்டிய அரங்கம், பாலம், தொழிற்பேட்டை, பேரங்காடி, 2019-இல் வந்த ஐகியா என்று அது புதிய நகரம். அங்கே மாலையில் அத்தை எங்கே நடப்பார்? கார் இல்லாமல் எதை எட்டுவார்?

எனக்குக் குழப்பமாக இருந்ததால் அத்தைக்கே தொலைபேசியில் அழைத்தேன். "பத்து காவானைப் பார்த்த பிறகு சாயங்காலம் என்ன செய்யணும் அத்தை?" அவர் யோசிக்கவே இல்லை. "குயின் ஸ்திரீட் மாரியம்மனைக் கும்பிடணும். கடைத்தெருவுல நடக்கணும். கப்பல் ஏறின கடலைப் பார்க்கணும்" என்றார். மூன்றும் ஜோர்ஜ் டவுனில், நடந்து போகும் தூரத்துக்குள் இருப்பவை. யாருக்காகத் தேடுகிறோமோ அவரையே கேட்பது என்ற எளிய வழி முன்பு எனக்குத் தோன்றவில்லை.

அப்பாவுக்கு அரை மனம்தான். ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

நடுத்தரம் என்றால் என்ன?

நம் நாட்டில் தங்கும் விடுதிகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரத் தகுதியைச் சுற்றுலா அமைச்சு வழங்குகிறது. நட்சத்திரத் தகுதிக்கு எட்டாத சிறிய விடுதிகளுக்கு ஆர்கிட் என்ற தனித் தரவரிசையும் உண்டு. பொதுவாக மூன்று நட்சத்திரத்தைச் சுற்றியுள்ளவற்றையே நடுத்தரம் என்கிறோம். இந்த நட்சத்திரம் வசதிகளின் அளவைச் சொல்லும். இரவு அமைதியாக இருக்குமா, படுக்கை சுத்தமாக இருக்குமா என்பதைச் சொல்லாது. அதற்கு அண்மையில் தங்கியவர்களின் கருத்துகளைப் படிக்க வேண்டும். அதிலும் கடந்த மூன்று மாதக் கருத்துகளையே நம்புங்கள். வயதானவர்களோடு தங்கியவர் எழுதிய ஒரு கருத்து, பாராட்டி எழுதிய பத்துக் கருத்துகளைவிட உங்களுக்கு உதவும்.

நடுத்தரம் என்ற சொல்லை நினைக்கும்போது எனக்கு இன்னொன்றும் தோன்றியது. பினாங்கில் 1885-இல் தொடங்கிய ஈஸ்டர்ன் அண்டு ஓரியண்டல் போன்ற விடுதிகள் வசதி படைத்தவர்களுக்காக இருந்தன. நகரத்தார்க்குக் கிட்டங்கிகள் இருந்தன. அங்கேயே கணக்கெழுதி, அங்கேயே உண்டு, உறங்கினார்கள். தோட்டத்துக்கு வந்த நம் முன்னோர் பலருக்குப் பினாங்கில் கிடைத்த முதல் தங்குமிடம், ஜெரெஜாக் தீவின் நோய்த் தடுப்பு முகாம்தான். அவரவர் விருப்பப்படி, அவரவர் காசில், கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் ஓர் அறை நம் குடும்பங்களுக்கு எட்டியது மிகப் பிந்தித்தான். அதை ஓரளவு கவனத்தோடு தேர்ந்தெடுப்பதில் தவறில்லை.

கட்டடத்தைப் பாருங்கள்

ஜோர்ஜ் டவுன் 2008 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதன்பின் பல பழைய கடைவீடுகள் விடுதிகளாயின. கடைவீடு என்பது தெருப்பக்கம் குறுகலாகவும் உள்ளே நீளமாகவும் இருக்கும் கட்டடம். இரு பக்கமும் பொதுச்சுவர். ஆகவே முன்னறைக்கும் பின்னறைக்கும்தான் வெளிச்சன்னல் கிடைக்கும், நடு அறைகளுக்குப் பெரும்பாலும் முற்றத்து வெளிச்சம்தான். பாரம்பரியக் கட்டடத்தை விருப்பப்படி இடித்து மின்தூக்கி வைக்கவும் முடியாது. இது விடுதிக்காரரின் குறையன்று, கட்டடத்தின் அமைப்பே அப்படி. இதைத் தெரிந்துகொண்டால், மின்தூக்கி வேண்டும் என்பவர் பிற்காலத்தில் கட்டிய மாடிக் கட்டடத்தைத் தேட வேண்டும் என்பது தானாகப் புரியும். நானும் அப்படிப்பட்ட ஒன்றைத்தான் பிடித்தேன். பார்க்க அழகில்லை, ஆனால் ஐந்தாவது மாடிக்கும் மின்தூக்கி இருந்தது. விளம்பரமாகிவிடும் என்பதால் பெயரைச் சொல்லவில்லை.

திரையில் தெரியும் விலையும் கட்டும் விலையும்

இங்குதான் மாணவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். திரையில் ஓர் அறைக்கு 180 ரிங்கிட் என்றிருந்தது. அதன்மேல் வருபவை இவை.

சேவை வரி 8 விழுக்காடு. 2024 மார்ச்சுக்கு முன் இது 6 விழுக்காடாக இருந்தது. 180 ரிங்கிட்டுக்கு 14 ரிங்கிட் 40 காசு.

பினாங்கு மாநிலக் கட்டணம். 2014 ஜூன் முதல் வசூலிக்கப்படுகிறது. மூன்று நட்சத்திரம் வரை ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 2 ரிங்கிட், அதற்கு மேல் 3 ரிங்கிட்.

சுற்றுலா வரி. 2017 செப்டம்பர் முதல் வெளிநாட்டவர் தங்கும் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட். மலேசியருக்குக் கிடையாது.

நாங்கள் இரண்டு அறை எடுத்தோம். அப்பாவும் நானும் தங்கிய அறைக்கு 196 ரிங்கிட் 40 காசு. அம்மாவோடு அத்தை தங்கிய அறையை அத்தை பெயரில் பதிந்ததால் 206 ரிங்கிட் 40 காசு. முகப்பில் அந்தப் பத்து ரிங்கிட்டைத் தனியாகக் கேட்டபோது அத்தை, "இங்கதான் பொறந்தேன்னு சொன்னாலும் எடுப்பாங்களா?" என்று கேட்டார். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. நான் பணத்தைக் கட்டிவிட்டேன்.

இவற்றோடு, திருப்பித் தரப்படும் வைப்புத்தொகையும் கேட்பார்கள், அதற்குக் கையில் பணம் வையுங்கள். காலைப் பசியாறல் விலையில் அடங்குமா, கார் நிறுத்தக் கட்டணம் உண்டா என்பதையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்த பிறகே இரண்டு விடுதிகளை ஒப்பிட வேண்டும். தைப்பூசம், சீனப் புத்தாண்டு, பள்ளி விடுமுறை, பட்டமளிப்பு விழாக் காலங்களில் இதே அறையின் விலை வெகுவாக ஏறிவிடும்.

தொலைபேசியில் ஐந்து கேள்விகள்

பதிவு செய்யும் முன் விடுதிக்கு நேரடியாக அழைத்துப் பேசுங்கள். நான் கேட்டவை இவை:

1. மின்தூக்கி எங்கள் மாடி வரை வருமா? வாசலில் ஏற வேண்டிய படிகள் எத்தனை?
2. அறையில் திறக்கக்கூடிய சன்னல் உண்டா? அது தெருப்பக்கமா, பின்பக்கமா?
3. அறை எத்தனை மணிக்குக் கிடைக்கும்? முன்னதாக வந்தால் பைகளை வைத்துவிட்டுப் போகலாமா?
4. குளியலறையில் தொட்டி இருக்கிறதா, சமதளமா? முழங்கால் வலி உள்ளவர் தொட்டிக்குள் ஏறி இறங்குவது ஆபத்து.
5. பதிவை ரத்து செய்தால் பணம் திரும்புமா? எந்த நாள் வரை?

பதில் சொல்பவர் பொறுமையாகச் சொல்கிறாரா என்பதும் ஒரு பதில்தான். நான் அழைத்த மூன்று விடுதிகளில் ஒன்றில் மட்டுமே, "வயதானவர் என்றால் மின்தூக்கிக்குப் பக்கத்து அறையாகப் போடுகிறேன்" என்றார்கள். அதைத்தான் எடுத்தேன்.

அந்த ஒரு நாள்

பகலுக்கு ஓட்டுநரோடு ஒரு வேன் பேசிக்கொண்டோம். அறை மூன்று மணிக்குத்தான் கிடைக்கும் என்பது முன்பே தெரிந்ததால், அந்த நேரத்தைப் பத்து காவானுக்கு வைத்தோம். விமான நிலையத்திலிருந்து நேராக இரண்டாவது பாலம். பைகள் வேனிலேயே இருந்தன. சென்ற முறை அம்மா பலகையில் உட்கார்ந்து கழித்த அதே ஐந்து மணி நேரம் இந்த முறை எங்களுக்குப் பயன்பட்டது.

பத்து காவானில் அத்தை தேடிய லயம் இல்லை. அப்பா ஓரிடத்தைக் காட்டி "இங்கதான்" என்றார், அத்தை "இல்ல, இன்னும் அந்தப் பக்கம்" என்றார். இருவரும் சிறிது நேரம் வாதாடினார்கள். பிறகு தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் தமிழ்ப்பள்ளியின் வாயிலுக்குப் போனோம். அத்தை பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல் மெதுவாகப் படித்தார். "பள்ளிக்கூடம் இருக்கு, போதும்" என்று வேனில் ஏறிக்கொண்டார்.

முதல் பாலம் வழியாகத் தீவுக்குத் திரும்பினோம். பாலத்தின் இடப்பக்கம் ஜெரெஜாக் தீவு தெரிந்தது. "தாத்தா வந்தப்ப அங்கதான் போட்டாங்களாம்" என்று அப்பா சொன்னார். சாலைக் கட்டணம் தீவுக்குப் போகும்போது மட்டும்தான். கணக்குப் போடுபவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றரை மணிக்கு அறை தயாராக இருந்தது. அத்தை ஒரு மணி நேரம் நன்றாகத் தூங்கினார். மாலை நடந்தே குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். 1833-இல் கட்டிய கோயில் அது. பிறகு மார்க்கெட் ஸ்திரீட். அத்தைக்கு அது இன்னும் 'கடைத்தெரு'தான். அங்கே இட்லி சாப்பிட்டோம். கால் வலித்ததும் பத்து நிமிடத்தில் அறைக்குத் திரும்ப முடிந்தது. விடுதி கோயிலுக்கு அருகில் இல்லாதிருந்தால் அத்தை கோயிலோடு திரும்பியிருப்பார், கடைத்தெருவைப் பார்த்திருக்க மாட்டார்.

மறுநாள் காலை பெரி ஏறினோம். அத்தை உள்ளே உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "போன தடவை இந்தக் கடல்ல போறப்ப, திரும்பி வருவேன்னு நெனைக்கல தம்பி" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா பதில் பேசவில்லை. அக்காவின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

உங்களுக்காக

தம்பி தங்கைகளே, ஜோர்ஜ் டவுன்தான் எப்போதும் சரி என்று நான் சொல்லவில்லை. பத்து காவான் தொழிற்பேட்டையில் காலை எட்டரைக்கு நேர்முகத் தேர்வு என்றால் தீவுக்குப் போகாதீர்கள். பெருநிலத்திலேயே பத்து காவான், சிம்பாங் அம்பாட், புக்கிட் மெர்தாஜாம் பக்கம் தங்குங்கள். அதிகாலை விமானம் என்றால் பாயான் லெப்பாஸ். அதிகாலை ரயில் என்றால் பட்டர்வொர்த். காரில் வந்து நிபோங் திபாலில் திருமணத்துக்குப் போவோர்க்குப் பாலம் ஏறும் வேலையே இல்லை.

மறுநாள் காலையில் எங்கே நிற்க வேண்டும், உடன் வருபவர்களில் மூத்தவரின் கால் எவ்வளவு தூரம் தாங்கும் என்ற இரண்டையும் முதலில் பாருங்கள். விலையும் நட்சத்திரமும் அதற்குப் பிறகு. படங்களைக் கடைசியாகப் பார்த்தால் போதும்.

ஊருக்குப் போனதும் அத்தை தொலைபேசியில் அழைத்தார். திருமணத்தைப் பற்றி நெடுநேரம் பேசிவிட்டு, "அந்த ஹோட்டல்ல லிஃப்ட்டுக்குப் பக்கத்துலயே ரூம் போட்டது நீதானாமே, உங்கப்பன் சொன்னான்" என்றார். அப்பா அதை அவரிடம் சொல்லியிருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.